தீத் திருவிழாவுக்கு முதன்முறையாகப் போகிறேன்: அங்கே என்ன பார்க்கலாம்?

மழைக்காளான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தோழி ஒருத்தி ஓராண்டாக நச்சரித்து, கடைசியில் என்னையும் டிக்கெட் வாங்க வைத்துவிட்டாள். நான்கு நாள் கூடாரம் போட்டுத் திறந்தவெளியில் தங்கும் கலைவிழா. ஏறக்குறைய அறுநூறு பேர் வருவார்களாம். நடத்துபவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். மூன்றாம் நாள் இரவு பெரிய மர உருவம் ஒன்றைக் கொளுத்துவார்கள். அமெரிக்காவின் பர்னிங் மேன் விழாவைப் பின்பற்றி ஆங்காங்கே நடக்கும் பிராந்திய விழாக்களில் இதுவும் ஒன்று என்றாள்.

விழா என்றால் நிகழ்ச்சி நிரல் இருக்க வேண்டும் அல்லவா? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். கலைஞர்கள் பட்டியல் இல்லை, மேடை இல்லை, கடை இல்லை. இங்கே பார்வையாளர்கள் கிடையாது என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்று ஒரு படிவம். அவ்வளவுதான். பணமும் கொடுத்துவிட்டு வேலையும் செய்ய வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: அங்கே என்ன பார்க்கலாம்? என்ன எடுத்துப் போக வேண்டும்?

கரித்துண்டு

நான் போன முதல் ஆண்டில், நள்ளிரவு இரண்டு மணிக்கு, புல்வெளியின் நடுவில் ஒருவர் இஸ்திரி மேசை போட்டு, போகிறவர் வருகிறவர் சட்டையை எல்லாம் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஒரு விளக்கு, கழுத்தில் டை. என் சட்டையையும் கழற்றச் சொல்லித் தேய்த்தார். காசு வேண்டாம் என்றார், நன்றியும் வேண்டாம் என்றார், அடுத்தவரைக் கூப்பிட்டார். அது கலையா, தொண்டா, தூக்கமின்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்ப்பது என்றால் இப்படிப்பட்டவற்றைத்தான் பார்ப்பீர்கள்.

எடுத்துப் போக வேண்டியதில் முதலிடம் குவளைக்கு. இடுப்பிலேயே கட்டிக்கொள்ளுங்கள். யாராவது எதையாவது ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், ஆனால் குவளை தரமாட்டார்கள்.

வடக்கயிறு

மழைக்காளான், உங்கள் குழப்பம் நியாயமானது. கொஞ்சம் பின்னால் போய், பர்னிங் மேன் தொடங்கிய கதையிலிருந்து சொல்கிறேன்.

1986ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வி, ஜெரி ஜேம்ஸ் என்ற இரு நண்பர்கள் எட்டடி உயர மர உருவம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். அழைப்பிதழ் இல்லை, அறிவிப்பு இல்லை. நெருப்பைக் கண்டு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1990இல் அதே கடற்கரையில் கொளுத்தக் கூடாது என்று காவல் துறை தடுத்தது. உருவத்தைப் பிரித்து நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் விழா நிலைத்தது, ஒரு தற்காலிக நகரம் அளவுக்கு வளரவும் செய்தது.

அங்கே போய்வந்தவர்கள் சொந்த ஊரில் சும்மா இருப்பார்களா? டெக்சஸில் 1998 முதல் ஃபிளிப்சைடு. ஸ்பெயினின் வறண்ட மோனேக்ரோஸ் நிலத்தில் நோவேர், நியூசிலாந்தில் கிவிபர்ன், இரண்டும் 2004இல் தொடங்கியவை. தென்னாப்பிரிக்காவின் டாங்க்வா கரூவில் 2007 முதல் ஆஃப்ரிக்காபர்ன். பலருக்குத் தெரியாத ஒன்று: பர்னிங் மேனின் பத்துக் கொள்கைகள் என்று எல்லாரும் மந்திரம்போல ஒப்பிக்கிறார்களே, அவற்றை லாரி ஹார்வி 2004இல் எழுதியதே இந்தப் பிராந்தியக் குழுக்களுக்காகத்தான். தாய்விழா அதுவரை பதினெட்டு ஆண்டுகள் எழுதப்பட்ட கொள்கை இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பத்தில் ஒன்று பங்கேற்பு. கலைஞர்கள் பட்டியல் ஏன் இல்லை என்றால், டிக்கெட் வாங்கிய அறுநூறு பேரின் பட்டியல்தான் கலைஞர்கள் பட்டியல். அறுநூறு பேரும் பார்க்க வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது, வெறும் புல்வெளிதான்.

டிக்கெட் பணம் நில வாடகைக்கும், நடமாடும் கழிப்பறைக்கும், காப்பீட்டுக்கும், முதலுதவிக் குழுவின் செலவுக்கும் போகும். மிச்சம் இருந்தால் கலைப் படைப்புகளுக்குச் சிறு நிதி. ஸ்காண்டிநேவியர்கள் நடத்தும் பார்டர்லேண்ட் விழாவில் அந்த நிதியை யாருக்குக் கொடுப்பது என்பதையும் வருகிறவர்களே முடிவு செய்கிறார்கள்.

மழைக்காளான்

நன்றி அண்ணா. எனக்குப் பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, ஆணி அடித்தால் கட்டைவிரலில்தான் விழும். நான் எதில் பங்கேற்பது?

கரித்துண்டு

இஸ்திரி போடத் தெரியுமா?

கணக்குப்பிள்ளை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த விவகாரமே விளங்கவில்லை. நல்ல மரத்தை விலை கொடுத்து வாங்குவீர்கள். ஆறு மாதம் அறுத்து, இழைத்து, பூட்டுவீர்கள். பிறகு ஒரு மணி நேரத்தில் கொளுத்திவிட்டுக் கைதட்டுவீர்கள். அந்த மரத்தில் எத்தனை பள்ளிக்கூட பெஞ்சு செய்திருக்கலாம்?

இரண்டாவது, தன்னார்வலர் என்ற சொல். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு எத்தனையோ அழகான பெயர்கள் கேட்டிருக்கிறேன். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். இங்கே கரும்புக்கும் நாமே காசு கொடுத்து, சக்கையையும் நாமே அள்ள வேண்டுமாம்.

வடக்கயிறு

சக்கை உவமை பிரமாதம். அடுத்த கூட்டத்தில் என் பெயரில் சொல்லிக்கொள்கிறேன்.

மரம் வீண் என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. நாங்கள் கட்டுவதில் பாதி, சரக்கு ஏற்றிவந்த பலகைத் தட்டுகளும் இடித்த வீடுகளின் சட்டங்களும்தான். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை, மீதிப் பாதி புது மரம். சுற்றுச்சூழல் கணக்குப் பார்த்தால் பாலைவன விழாவின் கரியமில வாயுவில் பெரும்பங்கு மக்கள் அங்கே போய்வரும் பயணத்தால் வருகிறது, எரியும் மரத்தின் பங்கு மிகச் சிறியது. அந்த வகையில் பக்கத்தில் நடக்கும் சிறிய விழா கொஞ்சம் குறைந்த பாவம்.

எரிப்பது எதற்கு என்றால், எரிக்கிற பொருளைப் பொறுத்தது என்பேன். 2000ஆம் ஆண்டில் டேவிட் பெஸ்ட் என்ற சிற்பி பிளாக் ராக்கில் மரத்தால் ஒரு படைப்பு செய்துகொண்டிருந்தார். அவரோடு வேலை செய்த இளைஞர் ஒருவர், விழாவுக்குச் சற்று முன்பு மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அந்தப் படைப்பு அவருக்கான நினைவிடமாக மாறியது. பார்த்தவர்கள் தாங்கள் இழந்தவர்களின் பெயர்களையும் அதில் எழுதத் தொடங்கினார்கள். அன்று முதல், விழா நடக்கும் ஒவ்வொரு ஆண்டும் அங்கே கோவில் என்ற பெயரில் ஒரு மரக்கட்டடம் எழுப்பி, கடைசி இரவில் எரிக்கிறார்கள். மற்ற எரிப்பு ஆரவாரமாக இருக்கும். கோவில் எரியும்போது பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

அதே டேவிட் பெஸ்ட் 2015 மார்ச்சில் வட அயர்லாந்தின் டெரி நகரில் ஒரு கோவில் கட்டி எரித்தார். அந்த ஊரில் கத்தோலிக்கர்களுக்கு ஒரு நெருப்பு, புராட்டஸ்டண்டுகளுக்கு ஒரு நெருப்பு. ஒருவர் மூட்டும் சொக்கப்பானை அடுத்தவரைச் சீண்டுவதற்காகவே எரியும். அப்படிப்பட்ட ஊரில் இரு தரப்பு ஆட்களும் சேர்ந்து மரம் அறுத்துக் கட்டி, எழுத வேண்டியதை எழுதி, சேர்ந்து நின்று எரித்தார்கள். அந்த மரத்தில் எத்தனை பெஞ்சு வந்திருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

டெரி விஷயம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். அங்கே எரிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. வாரக் கடைசியில் வேடிக்கைக்காகக் கூடும் அறுநூறு பேருக்கு அது பொருந்துமா? கூலியைப் பற்றி வாயே திறக்கவில்லையே.

தூரத்துவானம்

கூலியைப் பற்றி நான் சொல்கிறேன். நான்கு ஆண்டுகள் அமைப்புக் குழுவில் இருந்தேன், இப்போது இல்லை.

பர்னிங் மேன் அமைப்பில் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் உண்டு. பிராந்திய விழாக்களில் பெரும்பாலும் எவருக்கும் சம்பளம் கிடையாது. தலைமையில் இருப்பவரும் டிக்கெட் வாங்கித்தான் வருவார். அதனால் யாரோ ஒருவர் நம் உழைப்பில் சம்பாதிக்கிறார் என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது.

ஆனால் கணக்குப்பிள்ளையின் சந்தேகத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அறுநூறு பேர் வருவார்கள். ஆளுக்கு நான்கு மணி நேரம் வேலை பார்ப்பவர்கள் முந்நூறு பேர். கூட்டத்துக்கு வருபவர்கள் முப்பது பேர். நில உரிமையாளரிடம் பேசுவது, தீயணைப்புத் துறை அனுமதி, காப்பீட்டுப் படிவம், கழிப்பறை எண்ணிக்கை, இதெல்லாம் எப்போதும் அதே பன்னிரண்டு பேர் தலையில். ஊர் கூடித் தேர் இழுப்பதாக எல்லாரும் பேசுவோம். வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை, இழுக்கிறவர்கள் எத்தனை என்பது இழுக்கிறவனுக்குத்தான் தெரியும். (வடக்கயிறு, உங்கள் பெயரை வைத்துச் சொல்லவில்லை.)

நான் விலகிய கதையையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் ஆண்டு கடைசி நாள். கழிப்பறைகளைக் காலி செய்யும் லாரியின் குழாய் அடைத்துக்கொண்டது. யாரோ ஈரத்துடைப்பான் தாள்களை உள்ளே போட்டிருந்தார்கள். உடலிலிருந்து வராத எதையும் கழிப்பறைக்குள் போடாதீர்கள் என்று ஒவ்வொரு கதவிலும் எழுதி ஒட்டியிருந்தோம். மெல்லிய கழிப்பறைத் தாளுக்கு மட்டும் விலக்கு. ஓட்டுநர் போய்விட்டார். நானும் இன்னொரு தோழியும் கையுறை போட்டுக்கொண்டு, நீளக் கம்பியால் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். அப்போது பக்கத்தில் கூடாரம் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், இந்த ஆண்டு ஏற்பாடுகள் அவ்வளவு சரியில்லை என்றார். நான் கம்பியைக் கீழே வைத்தேன். அதோடு சரி.

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, மழைக்காளான். போங்கள். படிவத்தில் கழிப்பறைத் தாள் மாற்றும் வேலை இருந்தால் அதை எடுங்கள். யாரும் எடுப்பதில்லை.

ஈரச்சாக்கு

தூரத்துவானம், அந்த ஆளை எனக்குத் தெரியும். இப்போது அவர் கழிப்பறைக் குழுவில் இருக்கிறார். நாங்கள்தான் போட்டோம்.

என்ன பார்க்கலாம் என்பது கேள்வி. ஐந்து ஆண்டுகளாக எரிப்பு இரவில், கூட்டம் நெருப்பை நெருங்காமல் உருவத்தைச் சுற்றி நிற்கும் காவல் வளையத்தில் இருக்கிறேன். ஐந்து உருவங்கள் எரிந்தன. ஒன்று எரிவதைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கள் இடம் வளையத்தின் உள்விளிம்பு. நெருப்புக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம். மரம் எங்கே விழும் என்பதை முன்பே கணித்துவிடலாம். மனிதர் எப்போது ஓடுவார் என்பதைக் கணிக்க முடியாது. 2017இல் பிளாக் ராக்கில் ஒருவர் காவல் வளையங்களைத் தாண்டி ஓடித் தீக்குள் போய்விட்டார். காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு நெருப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

முதுகில் சூடு ஏறுவதை வைத்து எது நடக்கிறது என்று தெரிந்துகொள்வேன். எதிரே இருக்கும் முகங்கள் மஞ்சளாகும், பிறகு செம்மஞ்சளாகும். உருவத்தின் ஒரு கை கழன்று விழும்போது நானூறு வாய்கள் ஒன்றாகத் திறக்கும். எனக்கு அது போதும்.

மழைக்காளான்

ஈரச்சாக்கு, உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். உருவம் எங்கே விழும் என்று எப்படி முன்கூட்டியே தெரியும்?

ஈரச்சாக்கு

கட்டும்போதே விழும் விதத்தையும் சேர்த்துத்தான் வரைவார்கள். உருவத்தின் உள்ளே கூடு. அடியில் காற்று நுழைய வழி, உச்சியில் வெளியேற வழி. பற்ற வைத்ததும் புகைபோக்கிபோல இழுக்கும், நடுப்பகுதிதான் முதலில் வெந்து வலுவிழக்கும். உள்பக்கத் தாங்கிகளை மெல்லியதாக வைத்தால் வெளிச்சட்டங்கள் உள்நோக்கிச் சரியும். வெளியே எஃகு வடம் கட்டி இழுத்துப் பிடித்திருந்தால், எந்த வடம் எப்போது தளரும் என்பதும் கணக்கில் இருக்க வேண்டும். வளையத்தின் அகலம் உருவத்தின் உயரத்தைப் பொறுத்தது. காற்று வீசிப்போகும் பக்கத்தில் கூடுதல் இடம் விடுவோம், தீப்பொறி அங்கேதான் போகும். காற்று வரம்பு மீறினால் எரிப்பு தள்ளிப்போகும். அறுநூறு பேர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

எதைக் கொண்டு கட்டுகிறார்கள் என்பதிலும் கண்டிப்பு உண்டு. கறையான் அரிக்காமல் இருக்கப் பதப்படுத்திய பழைய மரங்களில் குரோமியம், தாமிரம், ஆர்சனிக் ஏற்றியிருப்பார்கள். அதை எரித்தால் புகையிலும் ஆர்சனிக், சாம்பலிலும் ஆர்சனிக். இலேசான பச்சை நிறம் தெரிந்தாலே ஒதுக்கிவிடுவோம். பிவிசி குழாய் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரம் பட்டால் அதுவே அமிலம். துத்தநாகம் பூசிய ஆணியும் வேண்டாம். வண்ணம் பூச வேண்டும் என்று கலைஞர்கள் அடம் பிடிப்பார்கள். அங்கேதான் எல்லா ஆண்டும் சண்டை.

தரையும் கவனிக்க வேண்டியது. பிளாக் ராக்கில் உருவத்தின் கீழே உதிர்ந்த கருங்கல் பொடியைப் பரப்புகிறார்கள். இல்லையென்றால் களிமண் தரை செங்கல்போலச் சுட்டு இறுகி, தழும்பு நிலைத்துவிடும். எங்களுடையது புல்தரை. மேல்மண்ணைப் புல்லோடு சேர்த்து வெட்டி எடுத்து ஓரமாக அடுக்கி, நனைத்து வைப்போம். குழியில் மணல் கொட்டி அதன் மேல் எரிப்போம். முடிந்ததும் மணலை அள்ளிவிட்டுப் புல்லைத் திரும்பப் பதிப்போம். இரண்டு மழை கழிந்தால் இடம் தெரியாது.

கரித்துண்டு

அக்கா, தீ ஆட்டக்காரர்களை விட்டுவிட்டீர்களே.

உருவத்தைக் கொளுத்துவதற்கு முன்பு நாங்கள் வளையத்துக்குள் இறங்கி ஆடுவோம். தீக்கோல், தீ விசிறி, போய். போய் என்பது நியூசிலாந்தின் மாவோரி மக்களின் சொல், கயிற்றில் கட்டிய பந்து என்று பொருள். வீட்டில் போய் சுற்றப் போகிறேன் என்று சொன்னால், எங்கே போய்ச் சுற்றப் போகிறாய் என்று கேட்கிறார்கள். பொய் சொல்கிறேன் என்றும் நினைக்கிறார்கள்.

திரி வெப்பம் தாங்கும் கெவ்லார் இழையால் ஆனது. மண்ணெண்ணெய் அல்லது விளக்குக்கான சுத்திகரித்த பாரஃபின் எண்ணெயில் முக்கி, மிச்சத்தை ஒரு டப்பாவுக்குள் சுழற்றி உதறிவிட்டுத்தான் பற்ற வைக்க வேண்டும். உதறாமல் பற்ற வைத்தால் நெருப்புத் துளிகள் முன்வரிசைக்காரர் மடியில். பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. அது உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். உடை பருத்தியாக இருக்க வேண்டும். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு துணையாள், கையில் ஈரத்துண்டு அல்லது தீப்போர்வை. அந்தத் துணையாளுக்கு ஆடத் தெரிய வேண்டியதில்லை, கண் சிமிட்டாமல் பார்க்கத் தெரிந்தால் போதும். மழைக்காளான், இதற்கு உங்களை எடுத்துக்கொள்ளலாம்.

வாயில் எண்ணெய் வைத்து ஊதும் வித்தையைக் கேட்காதீர்கள். ஒரு துளி நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியா வரலாம். என் நண்பர் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். எங்கள் விழாவில் அதற்குத் தடை.

புதுக்குடம்

வாயு அடுப்பு உருளையை இணைத்துத் தீ கக்கும் சிற்பம் செய்யலாம் என்று நினைக்கிறேன். அனுமதி கிடைக்குமா?

ஈரச்சாக்கு

கிடைக்கும், தனி ஆய்வுக்குப் பிறகு. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பள்ளத்தில் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் உருளையைத் தாழ்வான இடத்தில் வைக்கக் கூடாது. ஒரு வால்வு உருளையில், இன்னொன்று இயக்குபவர் கைக்கு எட்டும் தூரத்தில். கையை எடுத்தால் தானாக மூட வேண்டும். தொடர்ந்து வேகமாக வாயு எடுத்தால் உருளை குளிர்ந்து பனி பூக்கும், அழுத்தம் விழுந்து சுடர் சோம்பிவிடும். அப்போது உருளையைச் சூடாக்கலாம் என்று ஒரு யோசனை வரும். அந்த யோசனை வந்தவுடன் அங்கிருந்து எழுந்து போய்விடுங்கள்.

கணக்குப்பிள்ளை

இவ்வளவு விதிமுறை ஒரு தொழிற்சாலையில் இருந்தால் நன்றாக இருக்கும். பாராட்டாகவே சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி. விற்பனை இல்லை, பண்டமாற்றும் இல்லை, எல்லாம் கொடை என்பதும் இந்த விழாக்களின் கொள்கையாம். அப்படியானால் வாங்குபவருக்குக் கடன் ஏறாதா? நான் ஒருவரிடம் தேநீர் வாங்கிக் குடித்தால், திருப்பிக் கொடுக்கும்வரை எனக்கு உறுத்தும்.

வடக்கயிறு

உறுத்தட்டும். அவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அந்த உறுத்தலோடு நடந்துபோய் வேறு யாருக்காவது கூடாரம் கட்டக் கை கொடுப்பீர்கள். முதல்முறை வருபவர்கள் சிலர் பை நிறைய சாவிக்கொத்தும் ஸ்டிக்கரும் கொண்டுவந்து எல்லார் கையிலும் திணிப்பார்கள். அது கொடை ஆகாது, குப்பையைக் கைமாற்றுவது. வெயிலில் நிற்கும் வாயில்காவலருக்கு ஒரு குவளை குளிர்ந்த நீர் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள்.

விளம்பரமும் கூடாது. வாடகை லாரியில் இருக்கும் நிறுவனப் பெயரைக்கூடத் துணியால் மறைப்பவர்கள் உண்டு, அல்லது எழுத்துகளை மாற்றி ஒட்டி வேடிக்கையாக்கிவிடுவார்கள்.

தூரத்துவானம்

குப்பை என்றதும் ஞாபகம் வருகிறது. குப்பைத்தொட்டியே இருக்காது, மழைக்காளான். கொண்டுவந்ததை எல்லாம் நீங்களே திரும்பக் கொண்டுபோக வேண்டும், வெங்காயத் தோல் உட்பட. இறகு, ஜிகினா, மினுமினுப்புத் தூள் எதுவும் கொண்டுவராதீர்கள். அங்கே மூப் என்று ஒரு சொல் அடிக்கடி கேட்பீர்கள். தன் இடத்தில் இல்லாத பொருள் என்று அதற்கு விளக்கம். பிளாக் ராக்கில் விழா முடிந்த பிறகு அரசின் நில மேலாண்மைத் துறை ஆய்வுக்கு வரும். ஓர் ஏக்கருக்குச் சராசரியாக ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை கிடந்தால் தேர்ச்சி இல்லை. எங்களுக்கு ஆய்வாளர் கிடையாது, நில உரிமையாளரின் மாடுகள்தான். ஓர் ஆணி போதும், அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. கொடையா கடனா என்ற விவாதத்தில் இடையில் வந்த நாற்பத்தொரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். அங்கே சண்டையிடலாம்.

மழைக்காளான்

போய்வந்து மூன்று வாரம் ஆகிறது. கேட்டவள் சொல்லாமல் போகக் கூடாது அல்லவா?

இஸ்திரி மேசை எடுத்துப் போகவில்லை. ஒரு மடக்கு மேசை, கறுப்பு மை, தூரிகை, வடக்கயிறு அண்ணா தனிச்செய்தியில் சொன்னபடி தச்சுக்கூடத்தில் மிஞ்சிய மரத்துண்டுகள். வருகிறவர் பெயரைத் தமிழில் எழுதித் தருவேன் என்று அட்டை வைத்தேன். முதல் இரண்டு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. கூச்சத்தில் மேசையை மடக்கப் போனேன். அப்போது மழை பிடித்துக்கொண்டது. என் தார்ப்பாயின் கீழ் ஒதுங்கிய ஒன்பது பேர், வேறு வேலை இல்லாததால், பெயர் சொன்னார்கள்.

பிறகு நிற்கவே இல்லை. சிலர் தங்கள் பெயரைச் சொன்னார்கள். சிலர் அம்மாவின் பெயரை, ஒருவர் நாயின் பெயரை. எஃப் ஒலிக்கு ஆய்த எழுத்தை வைத்தபோது, இந்த மூன்று புள்ளிகள் என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். மூச்சு என்றேன், வேறு எப்படிச் சொல்வது? ஒரு பெரியவர் ஒரு பெயரைச் சொல்லி, எழுதி முடித்ததும், இது யார் என்று நான் கேட்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் பார்த்தால், உருவத்தின் காலடியில் அந்தப் பலகையை ஆணி அடித்து வைத்திருந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும். ஆணியும் சுத்தியலும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. கட்டைவிரலில் இரண்டு முறைதான் அடித்துக்கொண்டேன்.

எரிப்பு இரவில் கரித்துண்டுக்குத் துணையாளாக ஈரத்துண்டோடு நின்றேன். அவர் ஆடும்வரை அவரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. உருவத்தைப் பற்ற வைத்தபோது, வளையத்தில் ஓர் ஆள் குறைகிறது என்று ஈரச்சாக்கு அக்கா கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். ஆக, நானும் பார்க்கவில்லை. எதிரே அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். உருவம் எந்தப் பக்கம் சரிந்தது என்று கேட்டால் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டதுதான் தெரியும்.

மறுநாள் சாம்பலில் காந்தத்தை இழுத்துக்கொண்டு ஆணி பொறுக்கினேன். அத்தனையும் என் மேசையிலிருந்து போன ஆணிகள்.

தூரத்துவானம்

கழிப்பறைகள் எப்படி இருந்தன?

மழைக்காளான்

தாள் இருந்தது. நான்தான் வைத்தேன்.

கணக்குப்பிள்ளை

எத்தனை ஆணி கொடுத்தீர்கள், எத்தனை கிடைத்தது?

மழைக்காளான்

கேட்பீர்கள் என்று தெரிந்தே எண்ணினேன். 212 போனது. 197 கிடைத்தது. இந்தச் சனிக்கிழமை ஐந்து பேர் காந்தத்தோடு மறுபடி போகிறோம். வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

நான் வரவில்லை. எண்ணை மட்டும் போடுங்கள்.